டைனமிக் லீடரும் பதினொரு தெருவிளக்குகளும்

போன ஞாயிற்றுக்கிழமை அபிராமி இனிப்புப் பெட்டியோடு மேனாம்பேட்டில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம். சந்தோஷமான செய்திதானே? சந்தோஷம்தான். ஆனால் கிடைத்த கதையை அவள் சொல்லச் சொல்ல, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அபிராமி என் நண்பர் முருகேசனின் மூத்த மகள். முருகேசனுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை. குடும்பம் குவார்ட்டர்ஸில். வருகிற மே மாதம் அவருக்கு ரிடையர்மென்ட், அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வெளியே வாடகை வீடு, சின்னவளின் படிப்பு... எல்லாமே அபிராமியின் வேலையை நம்பித்தான். அவளோ கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு கம்பெனிகளில் தேறவில்லை. பாக்கி இருந்தது ஒரே ஒரு கம்பெனி.

போன மாதம் முருகேசன் அவளை அழைத்துக்கொண்டு வந்தார். "நீங்க பத்திரிகையில எழுதுறவரு. பாப்பாவோட ரெஸ்யூமேவைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க சார்" என்றார்.

இப்படி யாராவது கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன்.

பாதிப் பக்கத்தில் ஒரு வரி இடறியது. 'கல்லூரி சேவைக் குழு மூலம், கல்லூரிக்குப் பின்தெருவில் எரியாமல் இருந்த பதினொரு தெருவிளக்குகளை எரியவைத்தோம்.'

"என்னம்மா இது, கவுன்சிலர் எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "மூணு மாசம் அலைஞ்சோம் அங்கிள்."

"ஐ.டி. கம்பெனிக்காரனுக்குத் தெருவிளக்கு எதுக்கு?"

அந்த வரியை அடித்தேன். அதே இடத்தில் 'டைனமிக் லீடர்' என்று எழுதினேன். ஜோராக இருப்பதாக முருகேசன் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்த அம்மையார் ரெஸ்யூமேவைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

"டைனமிக் லீடர்னு போட்டிருக்கியே... யாரை லீட் பண்ணினே?"

அபிராமிக்கு அப்பாவின் ரிடையர்மென்ட்தான் கண் முன்னால் வந்ததாம். இரண்டு முறை தண்ணீர் குடித்திருக்கிறாள். கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டாள். "மேடம், அது ஒரு அங்கிள் எழுதினது. நான் செஞ்சது வேற."

"அதைச் சொல்லு."

சொல்லியிருக்கிறாள். அவள் கல்லூரி செம்பரம்பாக்கம் பக்கம். அங்கே குடோன்களில் வேலை செய்யும் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து அந்தப் பின்தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்கு வருவார்கள். ஆறரை மணிக்கு மேல் கும்மிருட்டு. இவளும் மூன்று தோழிகளும் உருக்கமாக இரண்டு பக்க மனு எழுதி, தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மனு. இந்த முறை மூன்று பக்கம், இன்னும் உருக்கம்.

கடைசியில் விளக்கு ரிப்பேர் பார்க்கும் ஊழியரையே நேரில் பிடித்திருக்கிறார்கள். அவர் மனுவைப் புரட்டிவிட்டு, "இன்னாம்மா இது, மூணு பக்கமும் ஒரே அழுவாச்சியா கீது? எந்தக் கம்பம்னு ஒரு நம்பர் கூட இல்லியே. நான் எங்கன்னு போயி தேடிகினு கெடக்கறது?" என்றாராம்.

கம்பத்துக்கு நம்பர் உண்டு என்பதே இவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். (உங்கள் வாசலில் நிற்கும் கம்பத்தின் நம்பர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.) மறுநாளே நால்வரும் தெருவில் இறங்கினார்கள். கோச்சிங் சென்டர் நோட்டீசையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் சுரண்டிச் சுரண்டி நம்பர் எடுத்தார்கள். எந்தக் கம்பத்தில் பல்பே இல்லை, எதில் வயர் தொங்குகிறது, எது எத்தனை நாளாக எரியவில்லை - வீடு வீடாகக் கேட்டு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எட்டுக் கம்பங்களுக்கு ஒரே சுவிட்ச் பாக்ஸ், அதுதான் பழுது என்று லிஸ்டைப் பார்த்ததுமே அந்த ஊழியர் சொல்லிவிட்டார். அந்த வாரமே பதினொன்றும் எரிந்தன.

"அந்த முதல் மனுவில என்ன தப்பு?" என்று அம்மையார் கேட்டிருக்கிறார்.

"எங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எழுதினோம் மேடம். எது கெட்டுப்போச்சுன்னு எழுதலை."

வேலை என்னவோ கஸ்டமர் சப்போர்ட். கோபத்தில் கத்துகிற ஆளிடம் பொறுமையாகப் பேசி, எது கெட்டுப்போனது என்று கண்டுபிடிக்கிற வேலை. இதற்கு இதைவிட என்ன டிரெயினிங் வேண்டும்? அபிராமி அதை ஏற்கெனவே ஒரு தெருவில் முடித்துவிட்டு வந்திருந்தாள். நான்தான் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

சேவைக் குழு என்றாலே மரக்கன்றோடு ஒரு போட்டோ, ஒரு சர்ட்டிஃபிகேட் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நிறையக் கல்லூரிகளில் அப்படித்தான் நடக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கொடுத்த மனு வீணானதும் மறுபடி போய் நின்ற பிள்ளைகளை எந்த ஆபீஸும் அவ்வளவு சுலபமாகப் பயமுறுத்திவிட முடியாது. இந்தத் தைரியத்தை எந்த ஆன்லைன் கோர்ஸில் விற்கிறார்கள்?

அபிராமி போட்டுக் கொடுத்த போனில் முருகேசன் பேசும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. என் கைவண்ணத்தால் அந்தக் குடும்பத்தின் கடைசி வாய்ப்பு போகப் பார்த்ததே!

"மன்னிச்சுக்கோம்மா" என்றேன் அபிராமியிடம். பிறகு மெதுவாக, "அந்த அங்கிள் யாருன்னு அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பேரைச் சொல்லலை அங்கிள். பத்திரிகையில எழுதுறவர்னு மட்டும்தான் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அதானே பார்த்தேன்னாங்க."