கேட்டருகே ஊதாத் தண்ணீர்

2021 ஜூலை 10, சனிக்கிழமை, காலை 10.40. மேகமூட்டம், கொல்லிமலை பாதிக்கு மேல் தெரியவில்லை. சேந்தமங்கலத்துக்கு வெளியே தோட்டத்தில் இருக்கும் எங்கள் இரண்டறை வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுவந்தோம். கொரோனா கட்டுப்பாட்டில் பூட்டிய வீடு அன்றுதான் மறுபடி திறந்தது.

கோழித்தீவன வியாபாரி ஒருவர் அதைக் கிடங்காகக் கேட்டு மூன்று முறை வந்திருந்தார். அன்று வருவதாக இருந்த முதல் குடும்பம் தங்காமல் போனால், திங்கட்கிழமை அவரிடம் சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு. என் மனைவிக்கு அதில் விருப்பமே இல்லை. அந்த வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்தவள் அவள்.

எனக்கோ, வருகிறவர்கள் நோயைக் கொண்டுவருவார்களோ, நாங்கள் அவர்களுக்குக் கொடுத்துவிடுவோமோ என்று இரண்டு பக்கமும் பயம். சோப்பு, கிருமிநாசினி, முகக்கவசம் எல்லாம் வைத்தும் மனம் ஆறவில்லை. எங்கள் பக்கத்துக் கோழிப்பண்ணை வாசல்களில், உள்ளே போகிறவர்கள் கிருமி போகக் கால் நனைக்க ஒரு சிறு தொட்டி இருக்கும். அதைப் போலவே நாலடிக்கு இரண்டடியில் கேட்டருகே ஒன்று கட்டி, பெர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீரை நிரப்பினேன்.

"ஏனுங்க, வாரவங்க மனுசங்களா, கோழிங்களா?" என்றாள் மனைவி. பலகை போட்டு மூடச் சொன்னாள். நான் பலகை தேடுவதற்குள் கார் வந்துவிட்டது.

சேலத்திலிருந்து ஒரு தம்பதி, கணவருடைய தாயார். அந்த அம்மாள் காரைவிட்டு இறங்கவில்லை. ஓராண்டுக்கு மேலாக வீட்டு வாசலைத் தாண்டாதவராம். யார் யார் படுத்த கட்டிலோ, திரும்பிப் போய்விடலாம் என்றார். மகன் கெஞ்சிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். என் மனைவி ஜன்னல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி திரும்பும்போது அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, அது என்ன தொட்டி என்று கேட்டார். கோழிப்பண்ணையில் இருப்பதைப் பார்த்துக் கட்டியது என்று சொன்னேன்.

"கோழிக்கே இத்தன பாக்கற ஊருங்களா?" என்று சிரித்தார். பிறகு மகனிடம், "நிறுத்து சாமி. கால நனச்சுட்டு உள்ள போலாம்" என்றார்.

செருப்போடு தொட்டிக்குள் நின்றார். நான் முப்பது எண்ணும் வரை நகரவில்லை. மருந்துக் கறை ஏறி வெள்ளைச் செருப்பு பழுப்பாகிவிட்டது.

இரண்டு நாளுக்கு வந்தவர்கள் நான்கு நாள் இருந்தார்கள். திங்கட்கிழமை வியாபாரி வந்தபோது என் மனைவிதான் கேட்டருகே போய்ப் பேசினாள்.

"ஊட்டுல ஆளு இருக்காங்க. உள்ள வாரதுன்னா கால நனச்சுட்டு வாங்க."

சிமெண்டு, மணல், கொத்தனார் கூலி, மருந்து, அந்த அம்மாளுக்கு வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு, எல்லாம் சேர்த்து 2,365 ரூபாய்.