எத்தியேனின் கல்லில் அஞ்சலையைத் தேடி

2012 நவம்பர் 2, காலை ஐந்தரை. புதுச்சேரியில் பேருந்து ஏறினேன். கல்லறைத் திருநாள். ஊரார் பூவும் மெழுகுவர்த்தியுமாக அவரவர் கல்லறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் போகவேண்டிய கல்லறை எங்கே என்றே எனக்குத் தெரியாது.

எங்கள் வம்சத்தின் முதல் பிரெஞ்சுக்காரர் எத்தியேன். அவுரிச் சாயம் வாங்க ஒரகடம் பக்கம் வந்து, காய்ச்சலில் செத்தவர். அவரோடு வாழ்ந்தவள் அஞ்சலை. கல்யாணம் கட்டாமல் வைத்திருந்தார் என்று ஐந்து தலைமுறையாகச் சொந்தக்காரர்கள் எங்களைக் குத்துகிறார்கள். என் கல்யாணப் பேச்சு இரண்டு முறை இதில்தான் முறிந்தது. ‘கல்லறைக் கல்லில் அவர் பேருக்குக் கீழே, மனைவி அஞ்சலை என்று வெட்டியிருக்கிறது’ என்று அப்பா சாதிப்பார். அதைப் பார்த்தவர் யாருமில்லை. அப்பா இப்போது ஆஸ்பத்திரியில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஒன்பது மணி, சிங்கப்பெருமாள் கோவில். ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். வழி நெடுக மதில்கள், லாரிகள், மூக்கை அடைக்கும் தூசி. ஏரிக்கரையில் பழைய வெள்ளைக்காரர் கல்லறை ஏதும் உண்டா என்று ஓட்டுநரிடம் விசாரித்தேன்.

“ஏரிக்கரைல இன்னாக்கா கீது? அல்லாம் பிளாட் போட்டுட்டானுங்க. வெள்ளக்காரன் கல்லு ஆஸ்டலாண்ட கெடக்குது” என்றார்.

பத்தேகாலுக்கு வல்லக்கோட்டை போகும் சாலையில் அந்த விடுதியைக் கண்டுபிடித்தேன். பின்கட்டில் ஒரு தொழிலாளி கம்பெனிச் சட்டை துவைத்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர். அவர் துவைத்த கல்லில் எத்தியேனின் பெயர் இருந்தது.

“எழுத்து மேலயா துவைக்கிறீங்க?”

“எழுத்துல தேச்சாத்தான்க்கா கிரீஸ் போவுது” என்று எழுந்து நின்றார். “கல்லறைன்னு எங்களுக்குத் தெரியாதுக்கா.”

குனிந்து தடவினேன். பெயர், ஊர், வருடம் என்று நாலு வரி விரலில் தட்டுப்பட்டது. அதன் கீழே ஒரு சாண் இடம் மொழுமொழுவென்று இருந்தது.

“இங்கே தேய்ஞ்சுபோச்சா?”

“அங்க யாரும் துவைக்க மாட்டோம், துணி வழுக்கும். வாளி வைக்கத்தான். கல்லு வந்தப்பவே அந்த இடம் அப்படித்தான்க்கா இருந்துச்சு.”

போன் அடித்தது. அப்பா.

“பேர் இருக்காம்மா?”

“துவைச்சுத் துவைச்சு அந்த வரி தேய்ஞ்சுபோச்சுப்பா.”

“அப்போ இருந்திருக்கு” என்று அழுதார்.

மெழுகுவர்த்தியைக் கல்லின் ஓரத்தில் ஏற்றினேன். அந்தத் தொழிலாளி வாளியை நகர்த்திவிட்டு, ஈரக் கையோடு கும்பிட்டார்.

மதியம் ஒன்றரைக்குத் திரும்பும் பேருந்தில்தான் அது உறைத்தது. அவருடைய கல்லில் அவள் பெயரைத் தேடி இத்தனை தூரம் வந்தேன். அவளை எங்கே புதைத்தார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.