வாய் நிறைய ரத்தத்தோட சொன்ன உண்மை

போன ஆவணியில ஒரு பல்லுப் பிடுங்கப் போய் நான் சாகப் பார்த்தன். அம்மனை நம்பியிருக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஏனெண்டால் அந்த இக்கட்டை நானேதான் தேடிக்கொண்டன்.

எனக்கு ஊர் செட்டிபாளையம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கிறன். நாலு வருசத்துக்கு முதல் இருதயத்தில இரும்பு வால்வு வச்சாங்க. அதில ரத்தம் கட்டாம இருக்க ஒவ்வொரு நாளும் வோபரின் குளிசை குடிக்கிறன். ரத்தத்தை இளக்கிற குளிசை. சின்னக் காயம் பட்டாலும் லேசில ரத்தம் நிற்காது.

கடைவாய்ப் பல்லு சூத்தையாகி முகம் வீங்கிப்போச்சு. ஆசுப்பத்திரியில ரத்தம் சோதிச்சு, "ரத்தம் கூட இளகியிருக்கு அம்மா, இப்ப பல்லுப் பிடுங்கேலாது. குளிசையைக் குறைச்சுத் தாறம். அடுத்த கிழமை பாப்பம்" எண்டாங்க. அடுத்த கிழமையும் சரிவரல்ல. கஞ்சி குடிக்கவும் வாய் திறக்கேலாது. பக்கத்து வீட்டில பல்லு வலிக்கு வாங்கி மிஞ்சின குளிசையை வாங்கி மூணு நாள் விழுங்கினன். வீட்டில ஒருத்தருக்கும் சொல்லல்ல.

நாலாம் நாள் மகளோட கல்லடிப் பக்கம் ஒரு தனியார் பல் டொக்டரிட்டப் போனன். மகள் வெளியில இருந்தாள்.

"வேற வருத்தம் இருக்கா? மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்."

நெஞ்சில இருக்கிற தழும்பு தெரியாம சீலையை இழுத்து மூடினன். இவரும் திருப்பி அனுப்பிப்போடுவார் எண்ட பயம்.

பல்லு வந்திட்டுது. பஞ்சைக் கடிச்சுக்கொண்டு பஸ்ஸில வீட்ட வந்தம். பஞ்சு தோய்ஞ்சுது. வேற வச்சன், அதுவும் தோய்ஞ்சுது. மறுகா துவாயை வச்சு அமத்தினன். ரத்தம் கட்டி கட்டியா விழுந்துது. விழுங்கினதெல்லாம் கறுப்புச் சத்தியா வெளியில வந்துது. மகள் கத்திக்கொண்டு ஓடி ஓட்டோ பிடிச்சாள்.

அம்மன் கோயிலைத் தாண்டேக்க கையெடுக்கவும் பலமில்ல. "தாயே, ரத்தத்தை நிப்பாட்டு" எண்டு மனசுக்குள்ள கதறினன். நிற்கல்ல. கண் இருட்டிக்கொண்டு வந்துது. என்ட பொய்தான் முன்னுக்கு வந்து நிண்டுது. இதை மறைச்சுக்கொண்டு அவவிட்ட என்ன கேக்கிறன்? "சொல்லி முடிக்கிற அளவுக்காவது சீவன் தா தாயே" எண்டு கேட்டன்.

துவாயை எடுத்தன். சீலையெல்லாம் ரத்தம் கொட்டுண்டுது. "மகள், வோபரின் குடிக்கிறதை டொக்டரிட்டச் சொல்லல்ல. பக்கத்து வீட்டுக் குளிசையும் குடிச்சன்." அதுக்குப் பிறகு எனக்கு நினைவில்ல.

கண் முழிக்கேக்க ஆசுப்பத்திரிக் கட்டில். பல்லுக் குழியில தையல், கையில ரத்தம் ஏறுது. லேடி டொக்டர் வந்து, "உங்கட மகள் வாசல்லயே எல்லாம் சொன்னா. அந்தக் குளிசை வோபரினோட சேர்ந்தால் ரத்தம் தண்ணியாப் போகும். தெரியாட்டி நாங்க காரணம் தேடிக்கொண்டு நிண்டிருப்பம். இன்னும் பிந்தியிருந்தா..." எண்டு நிப்பாட்டினா. மிச்சத்தை நான் கேக்கல்ல.

வாவியில மீன் பிடிக்கப் போயிருந்த என்ட மனுசன் நேர வந்து, கட்டில் காலடியில நிண்டு, "எங்களிட்டயாவது சொல்லியிருக்கலாமே" எண்டார்.

எழும்பி நடக்க ஏலுமான பிறகு அந்தப் பல் டொக்டரிட்டப் போய் மன்னிப்புக் கேட்டன். அவர் சத்தம் போடல்ல. "நீங்க செத்திருந்தா அதை நான் சாகும்வரைக்கும் சுமந்திருப்பன் அம்மா" எண்டார். அந்தச் சொல்லு இண்டைக்கும் குத்துது.

தாயிட்ட நான் முதல் கேட்டது ரத்தம் நிற்க. அவ முதல் தந்தது வாய் திறக்கிற துணிவு. அதாலதான் உங்களுக்கு முன்னால இருக்கிறன். இப்ப எந்த டொக்டரிட்டப் போனாலும் அவங்க கேக்க முதல் நானே எல்லாம் சொல்லிப்போடுவன்.

இன்னொரு பல்லும் ஆடுது. பயம் போகல்ல. ஆனா இந்தமுறை ரத்தம் சோதிச்சு, அவங்க சொல்லுற நாள்வரைக்கும் பொறுத்திருந்துதான் போவன். உங்களுக்கும் ஒரு பயம் இருந்தா அம்மனிட்டக் கொண்டுபோங்க. நாங்க வெட்கப்பட்டு மூடி வச்சிருக்கிறதையும் சேர்த்துத்தான் அந்தத் தாய் கேட்டுக்கொண்டு இருக்கிறா.