என் மகளின் சங்கீத ரசனை

அந்தக் காலத்தில் என்னைப் போல் கர்வம் பிடித்தவன் சிராங்கூன் சாலையில் இன்னொருவன் இருந்திருக்க மாட்டான். பதவியால் வந்த கர்வம் இல்லை. ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நான் சாதாரணக் குமாஸ்தா. ஆனால் என் வீட்டில் அறுபது இசைத்தட்டுகளும், ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் வாங்கிய தேக்கு மர ரேடியோகிராமும் இருந்தன. போதாதா? சங்கீதம் தெரிந்தவன் என்று என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

தட்டுகளைப் பெரும்பாலும் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில்தான் பொறுக்கினேன். ஒருவர் வீட்டில் வேண்டாம் என்று போட்டது எனக்குப் பொக்கிஷம். வீணைத் தட்டு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தோடி. அதைக் கேட்டால் பகலில் ஆபீசில் வாங்கிய ஏச்செல்லாம் கழுவிவிட்டது போல் போய்விடும். வெள்ளைக்காரர்களின் பெரிய வாத்தியக் கோஷ்டி ஒன்று இருந்தது. முதலில் கேட்டபோது நூறு பேர் சேர்ந்து கோபப்படுகிறார்கள் என்று நினைத்தேன். பத்தாவது தடவைதான் அது கோபம் இல்லை, அழுகை என்று தெரிந்தது. மலாய் ஜோகெட் தட்டைப் போட்டால் சட்டையைக் கழற்றாமலே ஆடத் தோன்றும். நாகஸ்வரத் தட்டில் தவில்காரர் தனியாக வாசிக்கும் இடம் வரும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். முகாரியில் ஒரு அம்மாள் பாடிய தட்டை மட்டும் யார் முன்னாலும் போட மாட்டேன். கண் கலங்கிவிடும், மானம் போகும்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் மிளகாய், மல்லி, மஞ்சள் மொத்தமாக வைத்து வியாபாரம் செய்தார். நாங்கள் அவரைப் பாய் என்போம். எங்கள் பலகைத் தளம்தான் அவருடைய கடைக்குக் கூரை. நான் தவில் போட்ட மறுநாள் காலையில் படியிறங்கும்போது அவர் பிடித்துக்கொள்வார்.

"தம்பி, கச்சேரி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க லா. மேலேருந்து தூசி கொட்டி மல்லி மூட்டையெல்லாம் வெள்ளையாப் போச்சு."

"ஓசியில சங்கீதம் கேக்குறீங்க, தூசிக்கு அழுறீங்களே பாய்" என்பேன். அவரும் சிரிப்பார்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது ஒரு சாயங்காலம் என் மனைவி என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, புள்ள கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்குது. பின்னால நின்னு கையைத் தட்டிப் பாத்தேன். அசையல."

"ஒனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு. இங்க வந்து பாரு."

குழந்தை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். நாகஸ்வரத் தட்டை எடுத்து ஊசியைத் தவில் வரும் இடத்தில் வைத்தேன். முதல் அடி விழுந்ததுமே அவள் தலை நிமிர்ந்தது. மூடியைப் போட்டாள். இரண்டு கையாலும் தரையைத் தட்டிக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"தாளம் போடுறா. போதுமா?" என்றேன். என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன்.

அதன் பிறகு அவளுடைய ரசனையை ஆராய்வதே எனக்கு வேலையாகிவிட்டது. வீணை போட்டால் திரும்ப மாட்டாள். வீணைக்கு வயது வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். முகாரி அம்மாள் உருகி உருகிப் பாடுவாள், இவள் எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாய்ப்பாட்டு பிடிக்காது, வாத்தியம்தான் பிடிக்கும் என்று தீர்ப்புச் சொன்னேன். ஜோகெட்டில் ரெபானா மேளம் அடித்தால் எழுந்து ஆடுவாள். வெள்ளைக்காரக் கோஷ்டி மெல்ல ஆரம்பிக்கும்போது அடுப்படியில் இருப்பாள், பெரிய முரசும் பெரிய பிடில்களும் சேரும் இடத்தில் ஓடி வருவாள். உச்சம் வரும்வரை காத்திருக்கத் தெரிந்த குழந்தை! ஆபீசில் இதைச் சொல்லிச் சொல்லி என்னோடு வேலை பார்த்தவர்களின் உயிரை வாங்கினேன்.

இரண்டு வயது முடிந்தது. மூன்றும் முடிந்தது. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. என் மனைவி வசம்பை உரைத்து நாக்கில் தடவினாள். சிவன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் மட்டும் விடவில்லை.

"பெரியாஸ்பத்திரில ஒரு தடவை காட்டிடலாங்க. சும்மா பாத்துட்டு வந்துடலாம்."

"என் புள்ளயச் செவிடுன்னு எழுதி வாங்கிட்டு வரணுமா ஒனக்கு?" என்று கத்துவேன். கத்திவிட்டுத் தவிலைப் போடுவேன். குழந்தை சிரிப்பாள். என் மனைவி வாயை மூடிக்கொள்வாள். இப்படி எத்தனை தடவை ஜெயித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்த நாட்களில் நான் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டேன். தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் தட்டைப் போடுவேன், போட்டுவிட்டு அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்புமா, திரும்பாதா? திரும்பினால் மறுநாள் சாயங்காலம்வரை தாங்கும். தோடி எந்தப் பக்கம் போனது, எங்கே நின்றது என்று ஒன்றும் மனசில் ஏறாது. பயந்து செத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்துக்கு ரசனை என்று பெயர் வைத்திருந்தேன்.

அவளுக்கு நான்கு வயது ஆகப்போகும் சமயத்தில் குவீன்ஸ்டவுனில் எங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. ஆறாவது மாடி. குழாயைத் திருப்பினால் தண்ணீர், சன்னலைத் திறந்தால் காற்று. ரேடியோகிராமை நான்கு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். சாமான்களைப் பிரிக்கும் முன்பே நான் நாகஸ்வரத் தட்டைத் தேடி எடுத்தேன். புது வீட்டில் முதல் சத்தம் மங்களமாக இருக்கட்டும் என்று மனைவியிடம் சொன்னேன்.

தவில் முழங்கியது. குழந்தை சுவரோரமாக உட்கார்ந்து அட்டைப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊசி தேய்ந்துவிட்டது என்று மாற்றினேன். தூக்கி வந்தவர்கள் இடித்துவிட்டார்கள் என்று பின்பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தேன். புது இடம், பிள்ளை மிரண்டுபோயிருக்கிறது என்றேன். போன மாதம் வந்த காய்ச்சலில் காதில் ஏதாவது ஆகியிருக்கும் என்றேன். மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அறுபது தட்டையும் ஒன்றுவிடாமல் போட்டேன். ஜோகெட் என்னைப் பார்த்துக் கேலி செய்தது. வெள்ளைக்காரக் கோஷ்டியின் அழுகை மறுபடியும் கோபமாகிவிட்டது, இந்தத் தடவை என் மேல்தான் கோபம். யார் முன்னாலும் போடாத முகாரியைக்கூட அவள் முன்னால் வைத்தேன். அந்த அம்மாள் கெஞ்சினாள், நானும் சேர்ந்து கெஞ்சினேன். "திரும்புடா கண்ணு, ஒரே ஒரு தடவை அப்பாவைத் திரும்பிப் பாரு." சத்தத்தை முழுக்கத் திருப்பியதில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் சண்டை போட வந்து வாசலில் நின்றாள். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டுக் கத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

அப்போதுதான் என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து ரேடியோகிராமை நிறுத்தினாள்.

"போதுங்க" என்றாள். "அங்க நான் அவளைக் கூப்பிடணும்னா குதிகாலால தரையில ரெண்டு தட்டுத் தட்டுவேன். பலகைத் தரை பாருங்க, ஓடி வந்துடுவா. இங்க வந்ததுலேருந்து தட்டிக்கிட்டே இருக்கேன். வரமாட்டேங்குறா. இது சிமெண்டுங்க."

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல ஆசைதான். அவள் வாயை மூடும் முன்பே புரிந்துவிட்டது. பாயின் மல்லி மூட்டையில் கொட்டிய தூசி, தரையைத் தட்டிச் சிரித்த இரண்டு கைகள், முரசுக்கு ஓடி வந்து வீணைக்கு வராத கால்கள். பாட்டு அவளுக்குப் பலகை வழியாகக் காலில் ஏறியிருக்கிறது. காதுக்கு ஒரு நாளும் வரவில்லை.

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?" என்று அப்போதும் அவள் மேல்தான் பாய்ந்தேன்.

"எத்தனை தடவைங்க சொல்றது?" என்றாள். பிறகு தணிந்து, "நீங்க தவிலைப் போட்டதும் அது சிரிக்கும். நம்ப ஆசையா இருந்துச்சு. நானும் நம்பிட்டேன்" என்றாள்.

இருந்தாலும் எனக்கு விடவில்லை. குழந்தையைத் தூக்கி ரேடியோகிராமின் மரப்பெட்டிமேல் உட்காரவைத்துத் தவிலை மறுபடி போட்டேன். அவள் திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். உள்ளங்கையைப் பெட்டியில் பதித்தாள். மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அப்படியே திரும்பி வந்தது. காலை உதைத்து உதைத்துச் சிரித்தாள். நான் பெற்ற பிள்ளையின் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படியும் ஒரு நாள் எனக்கு வாய்த்தது.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். காதில் ஏதேதோ மாட்டி, மணியடித்து, பொத்தானைத் திருகி வெகுநேரம் பார்த்தார்கள். டாக்டர் சீனர், இங்கிலீஷில் பேசினார். பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் என் மனைவிக்குச் சொன்னாள். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை. நெஞ்சில் பெட்டி கட்டிக் காதுக்குக் கம்பி விடும் கருவி உண்டு, அது கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம். காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, வாயைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் பேச்சு பிடிபடும் வயதில் பெரும்பகுதி போய்விட்டது, ரொம்பச் சின்ன வயதிலேயே கொண்டுவந்திருந்தால் இன்னும் நிறையச் செய்திருக்கலாம்.

"நாலு வயசு ஆகப்போகுதேம்மா. ஒங்களுக்கு ஒரு சந்தேகமும் வரலையா?" என்று நர்ஸ் என் மனைவியைக் கேட்டாள்.

சந்தேகம் அவளுக்குத்தான் வந்தது. இரண்டரை வருஷமாக என் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். அவள் விரலை நீட்டி என்னைக் காட்டியிருந்தால் நியாயம். அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே, "எங்களுக்குத் தெரியல சிஸ்டர்" என்றாள்.

எங்களுக்கு என்று சொன்னாள்.

கிளம்பும்போது நர்ஸ் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னாள். "தினமும் பேசுங்கண்ணே. கத்த வேணாம். முகத்துக்கு நேரா உக்காந்து, வாய் நல்லாத் தெரியற மாதிரி மெதுவாப் பேசுங்க. அது பாத்துக் கத்துக்கும்."

வீட்டுக்கு வந்தோம். சன்னலில் இன்னும் வெயில் இருந்தது. என் மனைவி உலை வைக்கப் போனாள். அவளிடம் எதைச் சொல்லி எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, அன்று கேட்கவும் இல்லை. குழந்தையைச் சிமெண்டுத் தரையில் எனக்கு எதிரே உட்காரவைத்தேன். வெளிச்சம் என் வாயில் விழும்படி நகர்ந்து உட்கார்ந்தேன். முதலில் எந்தச் சொல்லைக் கற்றுக்கொடுப்பது? அம்மா என்று ஆரம்பித்திருக்கலாம், சோறு என்று ஆரம்பித்திருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"அப்பாவை மன்னிச்சிடும்மா" என்றேன். மெதுவாக, நர்ஸ் சொன்னது போல. அவள் என் உதட்டையே பார்த்தாள். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்திருப்பாள். இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது என் உதடு நடுங்கியது.

அவளும் தன் உதட்டை அசைத்தாள். நான் திறந்த இடத்தில் திறந்தாள், மூடிய இடத்தில் மூடினாள், நடுங்கிய இடத்தில் அவள் உதடும் நடுங்கியது. அப்பாவை மன்னிச்சிடும்மா என்று என் மகள் சத்தமே இல்லாமல் என்னிடம் சொன்னாள். சரியாகச் சொன்னோமா என்று என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.