ஏழு சென்ரிமீற்றர்க் கோடு

என் பாடத்தைப் பார்வையிட ஆசிரிய ஆலோசகர் வந்து கடைசி வாங்கில் அமர்ந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாங்கேணியில் தரம் மூன்றுக்கு நான் கற்பித்த முதல் வருடம். பாடக்குறிப்பில் கற்றல் பேற்றை அழகாக எழுதியிருந்தேன்: ‘மாணவர் கோடொன்றின் நீளத்தை அடிமட்டத்தால் சரியாக அளப்பர்.’ அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம், விளக்கத்துக்குப் பதினைந்து என்று நேரமும் பிரித்திருந்தேன்.

கரும்பலகையில் அளந்து காட்டி, “விளங்கிச்சா?” என்றேன்.

“ஓம் டீச்சர்!” என்று வகுப்பே கத்தியது. ஒரு சிறுமி மட்டும் கையை உயர்த்தினாள்.

“டீச்சர், என்ட அடிமட்டம் உடைஞ்சிட்டு. மூண்டிலதான் தொடங்குது. எப்பிடி அளக்கிற?”

“மறுகா பாப்பம் புள்ள.”

பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டிருந்தது. கோடு வரைந்த தாள்களை அவசரமாகக் கொடுத்தேன், அளக்கச் சொன்னேன், வாங்கினேன். மணி அடித்தது. ஆலோசகர் பாராட்டிக் கையெழுத்திட்டார். நானும் குறிப்பின் அடியில் ‘அடையப்பட்டது’ என்று எழுதினேன்.

வீடு திரும்பும் பஸ்ஸில், ஏறாவூர் தாண்டிய பிறகுதான் தாள்களை எடுத்துப் பார்த்தேன். கோடு ஏழு சென்ரிமீற்றர். முதல் தாளில் எட்டு. அடுத்ததிலும் எட்டு. அதற்கடுத்ததிலும். பிள்ளைகள் பூச்சியத்தில் வைக்காமல் ஒன்றில் வைத்து அளந்திருந்தார்கள். ஏழு என்று எழுதியிருந்தவள் உடைந்த அடிமட்டக்காரி மட்டும்தான். தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். நாவற்குடாவில் இறங்க மறந்து, அடுத்த தரிப்பிடத்திலிருந்து நடந்து வந்தேன்.

மறுநாள் முதல் வேலையாக, ஏழு எப்படி வந்ததென்று அவளிடம் கேட்டேன்.

“மூண்டில வச்சா பத்தில முடிஞ்சிச்சு டீச்சர். இடையில எத்தினையெண்டு எண்ணினன்.”

அவளைக் கரும்பலகைக்கு அழைத்து எண்ணிக் காட்டச் சொன்னேன். வகுப்பில் ஒரே சத்தம். “அப்ப ஒண்டில வைக்கப்படாதா?” என்று ஒருவன் தன் தாளை இழுத்துப் பார்த்தான். அன்றைய பாடம் தராசில் நிறுத்து எடை பார்ப்பது. அதைத் தொடவே இல்லை.

இடைவேளைக்குச் சற்று முன் பாடசாலை அதிபர் வகுப்பு வாசலுக்கு வந்தார். “நேத்தையக் குறிப்ப ஒருக்காத் தாங்க. மத்த டீச்சர்மாருக்கும் காட்டுவம்.”

“வேணாம் சேர். நேத்து ஒரு புள்ளையத் தவிர ஒருத்தருக்கும் விளங்கல்ல. நான்தான் விளங்கினமாதிரி எழுதிட்டன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆலோசகர் கையெழுத்து வச்சிட்டாரே?”

“ஓம் சேர். இன்னும் நாலு புள்ளைகளுக்கு வரல்ல. இடைவேளைக்கு அவங்கள வச்சிருக்கப் போறன்.”

அவர் குறிப்பை வாங்காமலே திரும்பிப் போனார். கோபமோ தெரியவில்லை. இடைவேளை மணி அடித்தது. நான்கு பேரும் அடிமட்டங்களோடு என் மேசையைச் சுற்றி நின்றார்கள். புதிய கோடொன்று வரைந்தேன்.