சாயக் கொப்பரையில் எழுந்த முகம்

முத்தையா அண்ணாத்தே போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவருடைய வேட்டியைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்கென்று இரவல் வாங்கியது. எந்தக் கல்யாணம் என்று கேட்காதீர்கள். அதோடேயே துக்கத்துக்கும் போய் நின்றேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு, இதற்கு அவர் என்ன கேலி பண்ணியிருப்பார் என்பதும் தெரியும்.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டைக்குத் துணியில் சாயத்தால் பூ எழுதிக் கொடுத்தவர் அவர். நான் ஏரியில் வலை போடுகிறவன். மீன் படாத நாளில் அவருடைய சாயக் கொப்பரைக்கு அடுப்பெரிப்பேன். கோட்டைத் துரை ஒருவர் கண்ணாடி ஒன்று கொடுத்ததிலிருந்து அண்ணாத்தே தன் முகத்தையே துணியில் எழுத ஆரம்பித்தார்.

"இன்னாண்ணாத்தே, இந்த மூஞ்சிய சீமையில எவன் வாங்குவான்?" என்பேன்.

"கண்ணாடி தோலைத்தான்டா காட்டுது. மீதிய நான் தேடிக்கினு இருக்கேன்" என்பார்.

அண்ணி இறந்த வருஷம் ஒன்று எழுதினார். படத்தில் அவர் கண்ணில் சொட்டு நீர் இல்லை. ஆனால் துணியின் ஓரத்துக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னோர் ஆள் உட்காரும் அளவுக்கு வெறும் துணி.

கடைசியில் வாதம் வந்து அவர் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சும் நின்றது. படுத்தபடியே கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, ஒரு துணியில் படிகார நீரால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். படிகாரக் கோடு கண்ணுக்குத் தெரியாது; சாயவேரோடு வெந்தால்தான் சிவப்பாக எழும். வேக வைப்பதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் அவர் மகள் அலமேலு அந்த வெள்ளைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாணாம் சித்தப்பா. நைனா மனசு கசந்து போயிருந்தா, அத்த என்னால பார்க்க முடியாது."

"பார்க்காத வுட்டா கசப்பு இல்லேனு ஆயிடுமா? குடு இப்படி."

கொப்பரையில் இறக்கிக் கழியால் புரட்டினேன். முதலில் காதுகள் வந்தன. பிறகு அந்தக் கோணின வாய். அலமேலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியாகக் கண்கள் எழுந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற கண்கள். என்னை வம்புக்கு இழுக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

"இங்க பாரு அலமேலு. உங்க நைனா தன்னையே கிண்டல் பண்ணிக்கினு பூட்டாரு."

பார்த்தாள். அழுதாள். அழுதுகொண்டே, "வாயப் பாரு, எவ்ளோ ஜாஸ்தியா கோணலா போட்டுக்கினு இருக்குது" என்று சிரித்தாள்.

துணியை என்னிடமே கொடுத்துவிட்டாள். படுக்கையில் கிடந்தாலும் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கலாம் என்கிற தைரியத்தை அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். துணியையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வேலியில் காயப்போட்டேன். எழுதுவதற்கு முன் துணிக்கு எருமைப்பால் ஊட்டுவது வழக்கம். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டிக்கு அது தெரிந்திருக்கிறது. இடது காதைத் தின்றுவிட்டது.