மிதிக்கட்டையின் மேல் நின்ற பகடை

மா. சிவபாலன். பிறப்பு: 1998 நவம்பர் 19, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம். பெற்றோர்: மாணிக்கவாசகம், வடிவாம்பாள். 2019இல் ஏனாத்தூரில் வணிகவியல் பட்டம். மறு ஆண்டு முதல் வீட்டுக் குழித்தறியில் பட்டு நெசவு. 2022 ஆடி முதல் அமாவாசைதோறும் மூன்று நண்பர்களோடு பகடை விளையாட்டு. இங்கே சொல்லப்படுவது 2024 மார்ச் 10, மாசி அமாவாசை, ஞாயிறு பிற்பகலில் நடந்தது.

அமாவாசையன்று அந்த வீட்டில் தறி ஓடாது. காலையில் சூடம் காட்டிய பிறகு, மறுநாள் விடியும்வரை நெய்பவர் கால் தொங்கவிடும் குழிக்குள் இருக்கும் மிதிக்கட்டையை யாரும் தொடமாட்டார்கள். அது அசைந்தால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் அசையும். பாவு அசைந்தால் தறி ஓடியதாகவே கணக்கு. அன்று கூடம் சும்மா கிடக்கும் என்பதால்தான் குழியோரமாகப் பாய் விரித்து நால்வரும் உட்காருவார்கள்.

ஆளுக்கொரு பாத்திரமாகி ஒரு கற்பனைக் கதைக்குள் போரிடும் விளையாட்டு அது. கதையை நடத்துபவன் ஜான்சன். அரக்கர்களும் காவலர்களும் அவன் பொறுப்பு. ஓரிக்கையிலிருந்து வரும் அபியின் பாத்திரம் கொற்றி என்னும் வாள்வீராங்கனை. முதல் நாளிலிருந்து அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தது. விக்னேஷ் வில்லாளி. சிவபாலன் மந்திரவாதி. எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். அது குழிக்குள் உருண்டாலும் செல்லும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான்.

அன்று கொற்றி ஒரு குகை மூலையில் இரும்புக் காவலனிடம் சிக்கியிருந்தாள். அவளுக்கு எஞ்சியிருந்தது மூன்று உயிர்ப்புள்ளி. இன்னொரு வெட்டு விழுந்தால் அவள் இல்லை.

"இன்னாடா மந்திரவாதி, இன்னிக்கும் தூணுக்குப் பின்னாடி தானா?" என்றான் விக்னேஷ். "தூரமா நின்னுக்கினு நெருப்பு வீசறதுக்கு நீ எதுக்கு? ஒரு தீப்பெட்டி போதுமே."

"கொற்றி சரணடைஞ்சிடட்டும்பா. உயிராச்சும் மிஞ்சும்" என்றாள் அபி.

"வேணாம் அபி. நான் கிட்ட போறேன்."

மாதம் முழுக்க நெய்துகொண்டே சிவபாலன் யோசித்து வைத்திருந்த உத்தி அது. தொடுமந்திரத்தை எட்ட நின்று ஏவ முடியாது. எதிரியின் வாள் எட்டும் தூரத்துக்குள் போய்க் கையால் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஒரு சுற்றுக்கு அவன் கை விறைத்துவிடும். விறைத்த கையால் ஓடுபவளை வெட்ட முடியாது. கொன்றுதீர்க்க அல்ல, கூட்டாளி நழுவ வழிசெய்வதற்கே அந்த மந்திரம்.

"பன்னெண்டுக்கு மேல விழணும். விழலைன்னா?" அபி கேட்டாள்.

"விழும். என்னை நம்பு."

அவள் சரணடையும் யோசனையைக் கைவிட்டாள். சிவபாலன் வீசினான். பகடை பாயைத் தாண்டி, விளிம்பில் தத்தி, குழிக்குள் விழுந்தது. அவன்தான் பக்கத்தில் இருந்தான். குனிந்து பார்த்தான். மிதிக்கட்டையின் மேல் பகடை அசையாமல் நின்றிருந்தது. நான்கு.

"பதினாறு" என்றது அவன் வாய்.

"போடு!" என்று விக்னேஷ் அவன் முதுகில் ஓங்கி அறைந்தான். "தூண் இல்லாம நின்னுட்டான்யா நம்மாளு!"

"தொட்டாச்சு. காவலன் கை விறைச்சுப் போச்சு. அபி, உன் முறை" என்றான் ஜான்சன்.

அபி கையை நீட்டினாள். "பகடை?"

"கீழயே இருக்குது. அப்புறம் எடுக்கலாம்."

பொய் சொல்லத் துணிந்தவனுக்கு மிதிக்கட்டையைத் தொடத் துணிவு வரவில்லை. அப்படியே விட்டிருந்தான்.

"உனக்குத்தானே தொடக் கூடாது. கட்டைமேல படாம எடுத்துடறேன்" என்று அபி குப்புறப் படுத்துக் குழிக்குள் கையை விட்டாள். விட்ட கை பாதியில் நின்றது. பிறகு பகடையை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சிவபாலன் பாயின் கோரையைப் பிய்க்கத் தொடங்கினான்.

"கொற்றி நகரலை" என்றாள் அபி.

"ஓடலாம்மா. அவனால வெட்ட முடியாது" என்றான் ஜான்சன்.

"தெரியும். விறைப்பு போற வரைக்கும் அங்கேயே நிக்கறா."

"பைத்தியமா உனக்கு? இவன் உசுரைக் குடுத்துத் தொட்டிருக்கான், நீ நின்னுக்கினு இருக்கியே!" என்று கத்தினான் விக்னேஷ்.

அந்தப் பாராட்டு சிவபாலனுக்குச் செருப்படியாக விழுந்தது. பொய்யால் பிழைத்த கொற்றி அவளுக்கு வேண்டாம் என்பது அவன் ஒருவனுக்குத்தான் புரிந்தது. நாலு பேர் நடுவில் அவள் காட்டிக்கொடுத்திருந்தால் இரண்டு வசவோடு போயிருக்கும். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு மறுபடி கோரையைப் பிய்த்தான்.

"சரி, விறைப்பு விட்டுப்போச்சு. காவலன் கொற்றி மேல வாளை ஓங்கறான்" என்றான் ஜான்சன். "அதுக்கு முன்னாடி சிவா, உனக்கு ஒரு முறை இருக்குது. இன்னா பண்ற?"

"மறுபடி தொடறேன். அதே பன்னெண்டுக்கு மேல."

அபி பகடையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் குழியோரத்தை விட்டு நகர்ந்து, மூவருக்கும் தெரியும்படி பாயின் நட்டநடுவில் அதை உருட்டினான்.

ஒன்பது.